விதைநெல்லும் விளைச்சலும்: அரபு நாடுகளின் செல்வமும் அந்தமான் தரும் பாடமும்

தந்தையார் கேட்ட கேள்வி

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் மாலைப்பொழுதில் சற்று நேரம் நிற்போர்க்கு ஓர் உண்மை எளிதில் புலனாகும். நம்மைப் போன்ற குடும்பத்தார் அனைவரும் எங்கிருந்தோ இத்தீவுக்கு வந்தவர்கள். நம் மக்களுள் பலர் இங்கிருந்து எங்கோ செல்லப் புறப்பட்டு நிற்பவர்கள். சோற்றுக்கு வழி தேடிக் கடல் கடப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் நாம் தேடிச் சென்ற செல்வம் எத்தன்மையது, அது எத்தனை காலம் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

எம் தந்தையார் அச்சிலருள் ஒருவர். 2007ஆம் ஆண்டில் எம் இளவல் மஸ்கட்டிலிருந்து முதல் விடுப்பில் வந்திருந்தபோது, மூவரும் இத்துறையின் கைப்பிடிச் சுவரை ஒட்டி அமர்ந்திருந்தோம். தந்தையார் கடலைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த எண்ணெய் இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"

"அது யாருக்குத் தெரியும் அப்பா? முப்பது வருஷம் என்கிறான் ஒருவன், நூறு வருஷம் என்கிறான் இன்னொருவன்."

"இங்கே மரத்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு பிளைவுட் தொழிற்சாலையில் உழைத்து, அது மூடப்பட்ட நாளில் வெறுங்கையுடன் வீடு திரும்பியவர் அவர். அவர் கேட்ட கேள்விக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

செல்வத்தை அளக்கும் கோல்

ஒரு நாட்டின் வளர்ச்சியை அதன் வருமானத்தால் மட்டுமே அளந்து வந்தது உலகம். அது போதாது என்று கண்டவர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக். அவர் பொறுப்பில், நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென்னின் கருத்துத் துணையுடன், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990ஆம் ஆண்டில் முதல் மனிதவள மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கின்றனர், எவ்வளவு கற்கின்றனர், வாழ்வதற்கு வேண்டிய பொருள் அவர்களிடம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்து அது நாடுகளை அளந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1987இல், நார்வே நாட்டின் பிரண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான குழு, இன்றைய தேவையை நிறைவு செய்யும் வளர்ச்சி நாளைய தலைமுறையின் தேவையைப் பறித்துக்கொள்ளலாகாது என்ற நெறியை வகுத்திருந்தது.

இவை நமக்கு முற்றிலும் புதியன அல்ல. திருவள்ளுவர் நாட்டுக்கு அணியாவன ஐந்தினை எண்ணும்போது நோயின்மையை முதலில் வைத்துச் செல்வத்தை அதற்குப் பின்னர் வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எழுத்தர் வேலையில் காலம் கழிக்கும் நாம் இதனை நம் தொழில் வழியே சொல்லிப் பார்க்கலாம். அரசுக் கணக்கில் வருவாய் வரவு என்றும் மூலதன வரவு என்றும் இரு தலைப்புகள் உண்டு. ஆண்டுதோறும் வரும் வரியும் கட்டணமும் முன்னதைச் சேரும். சொத்தை விற்றுப் பெற்ற பணம் பின்னதைச் சேரும். சொத்தை விற்ற பணத்தை அன்றாடச் செலவில் கரைத்துவிட்டு, இவ்வாண்டு வருவாய் பெருகியது என்று மகிழும் அலுவலகம் நெடுநாள் நில்லாது. நிலத்தடியிலுள்ள எண்ணெயும் காட்டிலுள்ள முதுமரமும் இத்தகைய சொத்துக்களே. உழவர் மொழியில் சொன்னால் அவை விதைநெல். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அன்று வயிறு நிறையும்; மறு பருவத்தில் வயல் தரிசாகும். அரபு நாடுகளின் சென்ற நூற்றாண்டு வரலாறு, விதைநெல்லைச் சோறாக்கியதும் விதைத்ததும் ஆகிய இருவகைக் கதைகளும் கலந்ததாகும்.

முத்துப் போய் எண்ணெய் வந்தது

எண்ணெய்க்கு முன்னர் வளைகுடாவின் செல்வம் முத்து. இதில் அவர்களும் நாமும் பங்காளிகள். பாண்டியரின் கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றிருந்தது. அம்முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட 'எரித்திரேயக் கடற்செலவு' என்னும் கிரேக்க நூல் குறிக்கின்றது. வளைகுடாவில் முத்துக் குளித்தோர் கைதிகள் அல்லர். ஆனால் படகுத் தலைவரிடம் பெற்ற முன்பணக் கடனால் கட்டுண்டவர்கள். தந்தையின் கடன் மகன்மேல் ஏறுவதும் அங்கு வழக்கமாயிருந்தது.

ஜப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் முறையைக் கண்டு, வளர்ப்பு முத்துகளைச் சந்தையில் குவித்தனர். 1929இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. சில ஆண்டுகளுக்குள் பஹ்ரைன், குவைத், துபாய் ஆகிய துறைகள் வறுமையில் ஆழ்ந்தன. ஒரே பொருளை நம்பி வாழ்ந்த ஊர்கள், அப்பொருள் மதிப்பிழந்தபோது தாமும் மதிப்பிழந்தன. இது வளைகுடா கற்ற முதற் பாடம்.

அப்பாடத்தை நெஞ்சில் ஊன்றுமுன்னரே எண்ணெய் வந்துவிட்டது. 1932இல் பஹ்ரைனிலும், 1938இல் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் எண்ணெய் கண்டறியப்பட்டது. அபுதாபி 1962இலும், ஓமன் 1967இலும், துபாய் 1969இலும் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கின. 1973 அக்டோபரில் மூண்ட போரை அடுத்து எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. சாலை, துறைமுகம், மாளிகை, மருத்துவமனை எனக் கட்டுமானங்கள் எழுந்தன. அவற்றை எழுப்ப ஆட்கள் வேண்டியிருந்தமையால், இராமநாதபுரத்தினரும் தஞ்சைத் தரணியினரும் பம்பாய் வழியே விமானம் ஏறினர்.

நான்கு நாடுகள், நான்கு வழிகள்

'அரபு நாடு' என்றவுடன் எண்ணெய்க் கிணறுகளையே நினைப்பது நம் பழக்கம். அரபுக் கூட்டமைப்பில் உள்ள நாடுகள் 22. அவற்றுள் கத்தாரும் உண்டு, யேமனும் உண்டு, சோமாலியாவும் உண்டு. ஆகவே, ஒரே வரியில் அவற்றை அளந்துவிட இயலாது. நான்கு நாடுகளை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது குவைத். எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1953இல், அந்நாடு இலண்டனில் ஒரு முதலீட்டு வாரியத்தை நிறுவியது. 1976இல் வருங்காலத் தலைமுறை நிதியை ஏற்படுத்தி, ஆண்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கை அதில் இட்டு வைக்கச் சட்டம் செய்தது. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை புகுந்து நாட்டையே கவர்ந்துகொண்டபோது, புலம்பெயர்ந்த அரசு பிழைத்ததும், பின்னர் நாட்டை மீளக் கட்டியதும் வெளிநாட்டில் இருந்த அச்சேமிப்பைக் கொண்டே. விதைநெல்லில் ஒரு பகுதியைக் குதிரில் இட்டு மூடிவைத்த வழி இது.

இரண்டாவது சவூதி அரேபியா. பாலைவனத்தில் கோதுமை விளைவிக்க அது முனைந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைகளுக்கிடையே தேங்கியிருந்த நிலத்தடி நீரை இறைத்து, அரசு மானியம் தந்து பயிரிட்டதால், 1992ஆம் ஆண்டில் விளைச்சல் 40 இலட்சம் டன்னைத் தொட்டது. கோதுமையை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்றாகவும் அது விளங்கியது. உலகம் வியந்தது, ஆனால் மழை பெய்து நிரம்பாத அந்நீர் வற்றிக்கொண்டே வந்தது. 2008இல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்த அரசு, 2016இல் அதனை நிறுத்தியது. கணக்கில் விளைச்சலாகத் தோன்றியது உண்மையில் நீர்ச் சொத்தின் விற்பனையே.

மூன்றாவது எம் இளவல் உழைத்த ஓமன். 1970இல் சுல்தான் காபூஸ் அரியணை ஏறியபோது அந்நாடு முழுவதிலும் இருந்த முறையான பள்ளிகள் மூன்று, அவற்றில் ஏறத்தாழ 900 சிறுவர் பயின்றனர், சிறுமியர்க்கு இடமில்லை. அண்டை நாடுகளோடு ஒப்பிட ஓமனின் எண்ணெய் வளம் குறைவே. ஆயினும், கிடைத்ததைப் பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் அந்நாடு இட்டது. பெண் கல்விக்கு வழி திறந்தது. 1986இல் பல்கலைக்கழகம் கண்டது. 2010ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டு அறிக்கை, முந்தைய நாற்பது ஆண்டுகளில் தன் நிலையிலிருந்து மிக விரைந்து முன்னேறிய நாடாக ஓமனையே முதலிடத்தில் வைத்தது. மக்களின் சராசரி ஆயுள் அந்நாற்பது ஆண்டுகளில் 27 ஆண்டு உயர்ந்திருந்தது. விதைநெல்லை விதைத்த வழி இது.

நான்காவது துனிசியா. பெரிய எண்ணெய் வளம் இல்லாத இந்நாடு, விடுதலை பெற்ற 1956ஆம் ஆண்டிலேயே பலதார மணத்தை விலக்கி, மணமுறிவிலும் பிற உரிமைகளிலும் பெண்களின் நிலையை உயர்த்தும் குடும்பச் சட்டம் இயற்றியது. கல்வியையும் பரப்பியது. 2010ஆம் ஆண்டின் அதே அறிக்கையில் விரைந்து முன்னேறிய முதற் பத்து நாடுகளுள் ஒன்றாகத் துனிசியாவும் இடம்பெற்றது. ஆனால் அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள், சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற இளைஞர் முகமது பூஅசீசி, அலுவலர்களின் அவமதிப்பைத் தாங்காது தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டார். அத்தீ நாடெங்கும் பரவி, நான்கு வாரங்களுக்குள் அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். படிப்புத் தந்து, படிப்புக்கேற்ற வேலையும் பேசும் உரிமையும் தராத வளர்ச்சி அரைகுறையே என்பதை அந்நாடு காட்டிற்று.

இக்குறையை அரபு அறிஞர்களே முன்னதாகச் சுட்டியிருந்தனர் என்பது அவர்கள் பெருமை. 2002இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் அரபு அறிஞர்கள் எழுதி வெளியிட்ட அரபு மனிதவள மேம்பாட்டு அறிக்கை, தம் நாடுகளில் சுதந்திரம், பெண்களின் உரிமை, அறிவு ஆகிய மூன்றிலும் பற்றாக்குறை உண்டென்று மறைக்காமல் உரைத்தது. எழுத்தறியாத வயது வந்தோர் 6.5 கோடி, அவருள் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். 1999இல் அரபு நாடுகள் அனைத்தின் மொத்த உற்பத்தி 53,120 கோடி டாலர். ஸ்பெயின் என்னும் ஒரு நாட்டின் உற்பத்தியோ 59,550 கோடி டாலர். எண்ணெய் மிகுந்திருந்தும் அறிவு குறைந்தால் செல்வம் பெருகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அந்தமானின் எண்ணெய்

இனி நாம் வாழும் தீவுக்கு வருவோம். இங்கே எண்ணெயின் இடத்தில் இருந்தது மரம். 1858 மார்ச்சில் கைதிகளின் முதற்கூட்டம் இங்கே இறக்கப்பட்டது. காட்டை வெட்டித் திருத்தியவர்கள் அக்கைதிகளே. 1883இல் வனத்துறை தோன்றியது. அவ்வாண்டிலேயே சாத்தம் மரம் அறுக்கும் ஆலையும் எழுந்தது. படாக் மரமும் கர்ஜன் மரமும் யானைகளால் இழுக்கப்பட்டு, கடலில் மிதக்க விடப்பட்டு, கப்பலேறிச் சென்றன. கொற்கையில் முத்தெடுத்தவரும் கைதிகள், அந்தமானில் மரம் வெட்டியவரும் கைதிகள் என்ற ஒற்றுமை நம் சிந்தனையைத் தூண்டுகின்றது.

விடுதலைக்குப் பின்னர் மக்கள் தொகை பெருகியது. 1951இல் 30,971 பேராக இருந்தது, 2011இல் 3,80,581 ஆயிற்று. கிழக்கு வங்கத்து அகதிகள் வந்தனர். ராஞ்சித் தொழிலாளர் வந்தனர். தெலுங்கரும் மலையாளிகளும் வந்தனர். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி உடன்பாட்டின் வழி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய நம் மக்களுள் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். எம் தந்தையாரைப் போன்றோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, கூலி வேலை தேடி வந்தனர். இவர்களுள் பலர்க்கு நேராகவோ சுற்றி வந்தோ சோறு போட்டது மரமே.

மரத்துக்கும் ஒரு நாள் கணக்குத் தீர்க்க வேண்டி வந்தது. பேராசிரியர் சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஏற்று, 2002 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. பழங்குடியினர் காப்புக் காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. தீவு மரம் பெருநிலத்துக்குச் செல்வதும் நின்றது. அக்காலத்தை ஒட்டிப் பிளைவுட் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அவ்வாணையால் எம் வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் உண்டு. எனினும் ஆணை தவறென்று நாம் சொல்ல மாட்டோம். இன்றும் தீவுகளின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் காடாக நிற்கின்றதென்றால், அத்தகைய தடைகளுக்கும் அதில் பங்குண்டு. வெட்டத் தொடங்கிய நாளிலேயே அளவோடு வெட்டி, தொழிலாளர்க்கு வேறு தொழிலும் கற்பித்திருந்தால், திடீரென்று கதவடைக்க நேர்ந்திராது என்பதே நம் ஆற்றாமை.

மரம் போன பின்னர் எம் குடும்பத்தில் எஞ்சியது எது? 1967இல் இங்கே தொடங்கப்பெற்ற ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் நாம் பெற்ற பி.ஏ. பட்டம் எஞ்சியது. தொழிற்சாலைக் கூலியிலிருந்து தந்தையார் மிச்சம் பிடித்துக் கட்டிய கட்டணம் அது. அப்பட்டத்தால் கிடைத்த எழுத்தர் வேலைதான் தொழிற்சாலை மூடிய பின்னர் வீட்டைத் தாங்கியது. தீவின் கணக்கும் இதுவே. 2011இல் எழுத்தறிவு நூற்றுக்கு 86.63, 2015இல் மருத்துவக் கல்லூரி, 2020இல் சென்னையிலிருந்து கடலடியில் வந்த கண்ணாடி இழைக் கம்பித் தொடர்பு. இவை காட்டைப் போல வெட்டித் தீர்வன அல்ல.

கணக்கில் வராதோர்

ஆயினும் சராசரி எண்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் வாழ்வோருள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டார். அந்நாடுகளின் வளர்ச்சியைக் கையால் கட்டியவர்கள் அவர்கள். 'கபாலா' என்னும் பொறுப்பாளர் முறையின்கீழ், முதலாளியின் இசைவின்றி வேலை மாறவும் நாடு திரும்பவும் இயலாமல் பலர் வாழ்ந்தனர். சில நாடுகள் அண்மைக்காலத்தில் இம்முறையைத் தளர்த்தியுள்ளன. கத்தார் 2020இல் வேலை மாறுவதற்கிருந்த தடையை நீக்கியது. எனினும், அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் முதுமையைக் கழிக்கப் பெரும்பாலோர் ஊருக்கே திரும்ப வேண்டியவர்கள். 1990இல் குவைத்திலிருந்து 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் நகர் வழியே விமானங்களில் மீட்கப்பட்டபோது, பலர் கொண்டு வந்தது உடுத்த உடை மட்டுமே.

இதனைச் சொல்லும் நாம் இத்தீவின் கணக்கையும் மறைத்தல் ஆகாது. காடு யாருடைய வீடாக இருந்ததோ, அவர்களுக்கு வளர்ச்சி எதைக் கொடுத்தது? 2011 கணக்கெடுப்பில் பெருந்தமானியர் 44 பேர். ஓங்கியர் 101 பேர். ஜாரவாக்கள் 380 பேர். நமக்கு ஊராய் அமைந்தது அவர்களுக்கு இழப்பாயிற்று. 2022இல் பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் மின்நிலையமும் அமைக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. அதற்கென ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு மாற்றப்படவுள்ளது. ஷோம்பென் மக்களும் நிக்கோபாரியரும் வாழும் தீவு அது. அரசின் கொள்கையைத் தீர்ப்பிடுதல் ஓர் எழுத்தரின் வேலையன்று. ஆயினும், அவ்வரவு வருவாயா, சொத்தின் விற்பனையா என்று கேட்கும் உரிமை, மரத்தின் கதையைக் கண்டறிந்த குடிமக்கள் அனைவர்க்கும் உண்டு.

நம் இல்லத்துக் கணக்கு

நாடுகளுக்குச் சொன்னது வீடுகளுக்கும் பொருந்தும். எம் இளவல் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் முதலாண்டுகளில் மாடி கட்டத் தொடங்கினோம். ஊரார் காண மதிற்சுவர் எழுப்பினோம். திருமணங்களில் கைகொள்ளாமல் செலவு செய்தோம். அதனைத் தடுக்க வேண்டிய மூத்தவராகிய நாமே முன்னின்று செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தந்தையார் மட்டும், "பிள்ளையைப் படிக்க வையுங்கள்; சுவர் எங்கேயும் போய்விடாது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். 2016இல் மறையும் வரையிலும் அவர் சொன்னது அதுவே. அவர் சொற்படி தம்பி மகளின் செவிலியர் படிப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்கினோம்.

2020இல் பெருந்தொற்றும் எண்ணெய் விலை வீழ்ச்சியும் ஒருங்கே வந்தன. இளவல் பணிபுரிந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. பதினைந்தாண்டு உழைப்புக்குப் பின்னர் இரண்டு பெட்டிகளுடன் அவன் திரும்பினான். மாடி இன்றும் பாதியில் நிற்கின்றது, கம்பிகள் துருவேறியுள்ளன. மகளோ படிப்பை முடித்து, இத்தீவின் மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகின்றாள். வீட்டுக்கு அரிசி அவள் ஊதியத்தில் வருகின்றது. தந்தையார் கேட்ட கேள்விக்கு விடை அவளிடத்தில் இருக்கக் காண்கின்றோம். எண்ணெய் எத்தனை நாள் வரும் என்பதை நாம் அறியோம். வரும் நாளில் அதனை எதுவாக மாற்றினோம் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இம்மலரைக் கையில் ஏந்தும் குடும்பங்களில் வளைகுடாவில் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. அவர்கள் வியர்வையில் வரும் பணம் நமக்கு வருவாய் அன்று. அவர்தம் இளமையை விற்றுப் பெற்ற மூலதனம். அதில் பத்தில் ஒரு பங்கையேனும் பிள்ளைகளின் கல்விக்கென, சிறப்பாகப் பெண்மக்களின் கல்விக்கென, ஒதுக்கி வைப்போம். திரும்பி வந்தோர் தாம் கற்ற தொழிலை இளைஞர்க்குக் கற்பிக்க, மாலை வகுப்பு ஒன்றை நம் சங்கம் நடத்தலாம். கரும்பலகையும் இரண்டு விசிப்பலகைகளும் போதும். தச்சர், மின்பணியாளர், குளிர்பதனப் பொறியாளர் என நம்மிடையே ஆசான்கள் பலர் உளர். எம் இளவல் தன் பெயரை முதற்பெயராக எழுதிக்கொள்ளுமாறு சொல்லியிருக்கின்றான்.